பாளையங்கோட்டையில் இலவச மதியக் கச்சேரி வைக்கப் போகிறீர்களா? முதலில் பியானோவைத் திறந்து பாருங்கள்

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை மதியம் பாளையங்கோட்டையில் ஒரு கச்சேரி நடத்தினேன். ஆல்டோ சாக்ஸபோன், டெனார் சாக்ஸபோன், பியானோ என்று மூன்று பேர். மைக் இல்லை, டிக்கெட் இல்லை, மொத்தமே முக்கால் மணி நேரம். சேம்பர் மியூசிக் என்கிறார்களே, அதுதான். சின்னக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பது; நாம் பக்கத்தில் இருந்து கேட்பது.

நான் பெருமாள்புரத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவன். கச்சேரி நடத்திப் பழக்கமில்லை. அதனால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் ஆட்களை உறுதி செய்தேன், அப்புறம் தேதி, அப்புறம் இடம், கடைசியில்தான் பியானோ. ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை நான்கு மாதம் இழுத்தது. நீங்கள் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. பியானோ

சாக்ஸபோன்காரர் தன் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். பியானோ அப்படி வராது. சுவரோரம் நிற்கும் சாதாரண அப்ரைட் பியானோவே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். குட்டியானையில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்றி இறக்கினால் சுருதி கலையும், புது இடத்தில் நிலைகொள்ள நாளாகும், அப்புறம் மறுபடி ட்யூனிங் செலவு. ஆகவே பியானோ எங்கே இருக்கிறதோ அங்கேதான் கச்சேரி.

நம் ஊருக்கு ஒரு வசதி, பழைய மிஷன் பள்ளிகளும் விடுதிகளும் ஆலயங்களும் நிறைய. தேடினால் பியானோ அகப்படும். ஆபீஸில் விசாரித்தால் "அப்படி ஒன்றும் இல்லையே" என்பார்கள். வாட்ச்மேனையோ, பழைய பாட்டு டீச்சரையோ கேளுங்கள். ஒரு பள்ளியில் வாட்ச்மேன்தான் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மேலே துணி, துணிக்கு மேலே விளையாட்டுக் கோப்பைகள் இரண்டு வரிசை. "அத இப்ப யாரு சார் தொறக்கா?" என்றார்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் லைட்டும், போனில் சுருதி காட்டும் ட்யூனர் ஆப்பும் வேண்டும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே செய்ய வேண்டியது:

88 கட்டைகளையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எது ஒலிக்கவில்லை, எது அழுந்தியபடியே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து என்றால் சரிசெய்யலாம். இருபது என்றால் அடுத்த பியானோவைத் தேடுங்கள்.

நடு 'சி'க்கு மேலே வரும் 'ஏ' கட்டையை அழுத்தி ஆப்பைப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். இந்த ஒரு எண்ணில்தான் உங்கள் கச்சேரி இருக்கிறது. சாக்ஸபோனில் மௌத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுத்தோ உள்ளே தள்ளியோ சுருதியைச் சற்று நகர்த்தலாம், அவ்வளவுதான். 435 என்றால் சமாளிப்பார்கள். 430 என்றால் முகம் சுளிப்பார்கள். 415 என்பது முழுசாக அரைச் சுரம் கீழே. அதோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது. நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து மாற்றுவதுபோல இதில் மாற்ற வழியில்லை.

கீழ்ப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் மண், எலிப் புழுக்கை, கடித்துப்போட்ட கம்பளித் துண்டு ஏதாவது தென்பட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சுத்தியல்களுக்கு மேல் இருக்கும் அந்தக் கம்பளி போனால் சத்தம் தகரம் மாதிரி வரும்.

நான் இதில் எதையும் செய்யவில்லை. முதல் இடத்தில் "போன கிறிஸ்துமஸுக்குக்கூட வாசிச்சோம், நல்லா இருக்கு" என்றார்கள், நம்பிவிட்டேன். நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுக்கும் நேரத்தில்தான் போய்த் திறந்தேன். உள்ளே எலிக்கூடு. 'ஏ' கட்டை 417 காட்டியது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனரிடம் போனில் சொன்னபோது, "அவ்வளவு மேலே இழுத்தால் பழைய கம்பி அறுந்துபோகும், நான் கை வைக்க மாட்டேன்" என்றார். மூன்று வாரம் போனது. அடுத்து கிடைத்த இடத்தில் 434. அதைத்தான் 440க்கு ஏற்றினோம்.

ட்யூனரைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். இரண்டு தடவை ட்யூன் செய்ய வேண்டும் என்பதை முன்பே பேசிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒன்று, கச்சேரிக்கு முந்தின நாள் ஒன்று. மேலே இழுத்த கம்பி கொஞ்ச நாளில் தானே தளரும். ஒரே தடவையில் நிற்காது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மணி நேரம் அவருக்கு அமைதி வேண்டும். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தால் நடக்காது. இரண்டு ட்யூனிங்குக்கும் நடுவில் யாரும் பியானோவை நகர்த்தக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் ஆண்டுவிழா ஒத்திகைக்கு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

"ஆலயத்தில் கீபோர்டு இருக்கே, அது போதாதா?" என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். அது பெரும்பாலும் 61 கட்டை. பியானோவுக்கு எழுதிய இசையில் இடது கை அதற்குக் கீழேயும் போகும். 88 கட்டையுள்ள டிஜிட்டல் பியானோ என்றால் சமாளிக்கலாம், ஆனால் தனி ஸ்பீக்கர் வேண்டும்; இரண்டு சாக்ஸபோனுக்கு நடுவில் அதன் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் கேட்காது. மின்சாரத்தையும் நம்பியிருக்க வேண்டும். நான் பயத்தில் ஒன்றை வாடகைக்குச் சொல்லி முன்பணம் கொடுத்தேன். அந்தப் பணம் போனது போனதுதான்.

2. இடம்

பியானோ கிடைத்தால் இடமும் பாதி கிடைத்த மாதிரி. கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்லது. எதிரொலித்துக்கொண்டே இருந்தால் சாக்ஸபோன் காதைக் கிழிக்கும், பியானோ கலங்கிப்போகும். ஆள் நிறைந்ததும் எதிரொலி பாதி குறையும் என்பது உண்மை. ஆனால் ஆள் நிறையும் என்று யார் சொன்னது? ஜன்னலுக்குத் திரை, தரைக்கு நாலு ஜமுக்காளம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். பழைய கூடங்களில் கடகடவென்று ஆடும். கச்சேரியின்போது மேடைக்கு மேலே உள்ளதை நிறுத்த வேண்டியிருக்கும். எந்த ஸ்விட்ச் எதற்கு என்று அன்றே குறித்துவையுங்கள். பள்ளிக்கூடம் என்றால் தானியங்கி மணி இருக்கிறதா என்று கேளுங்கள். சனிக்கிழமை விடுமுறைதானே என்று நான் கேட்காமல் விட்டேன். மணிக்கு விடுமுறை கிடையாது. மெதுவான பகுதி ஒன்று உருகிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு நாற்பதுக்கு அடித்தது.

3. தேதியும் நேரமும்

மதியக் கச்சேரி என்றால் சரியாகப் பன்னிரண்டுக்குத் தொடங்கி முக்கால் மணிக்குள் முடிய வேண்டும். ஒரு மணிக்கு நம் ஆட்களுக்கு இலை முன்னால் இருந்தாக வேண்டும். பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் கடைசி உருப்படியைக் காலி நாற்காலிகள்தான் கேட்கும்.

கிழமை விஷயத்தில் என் கணக்கு இது. புதன் வேண்டாம், 12 முதல் 1.30 வரை ராகுகாலம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வருபவர்களுக்கு இருக்கும். வெள்ளி மதியம் ஜும்மா தொழுகை. மேலப்பாளையத்திலிருந்து வர நினைப்பவர்களால் வர முடியாது. ஞாயிறு ஆலய ஆராதனை முடிந்து வீடு போகும் நேரம். வேலை நாள் என்றால் மாணவர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களும் வர மாட்டார்கள். மிஞ்சுவது சனி. ராகுகாலம் காலை 10.30க்கே முடிந்துவிடும்.

மாதம்? பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். சூட்டில் சாக்ஸபோனின் சுருதியும் மேலே ஏறும். பியானோ அதோடு சேர்ந்து ஏறாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனியில் நெல்லையப்பர் தேர். பிப்ரவரிக்கு மேல் பள்ளிகளில் தேர்வு. நான் ஆடியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. முகூர்த்தம் கிடையாது, யாரும் கல்யாண வீட்டைச் சாக்கு சொல்ல முடியாது. ஆனால் ஆடியில் கோயில் கொடை விழா வரும். எங்கள் பக்கம் கொடை பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும்தான் என்பதால் சனிக்கிழமை தப்பித்தது. இருந்தாலும் கூடத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் உள்ள கோயில்களில் விசாரித்துவிடுங்கள். குழாய் ஒலிபெருக்கிக்கு முன்னால் டெனார் சாக்ஸபோனே தோற்றுப்போகும்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் ஒரு நாள் மின்தடை செய்வார்கள். பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வரும். அதாவது உங்கள் கச்சேரி நேரம் முழுக்க. பேப்பரில் முந்தின நாள்தான் போடுவார்கள். அதுவரை காத்திருக்காமல் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்துக்கு இரண்டு வாரம் முன்பே போய் எந்தத் தேதி என்று கேளுங்கள்.

4. காகிதங்கள்

இதில் கஷ்டம் குறைவு, அலைச்சல் அதிகம். நான்கு வேலை.

ஒன்று, இடத்துக்கான கடிதம். நிர்வாகிக்கு எழுதுங்கள். தேதி, கூடம் வேண்டிய நேரம், பியானோவை உபயோகிக்கவும் ட்யூன் செய்யவும் அனுமதி, நுழைவு இலவசம், மைக் கிடையாது என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கூடம் வேண்டிய நேரத்தைக் காலை 8 முதல் மதியம் 3 வரை என்று எழுதுங்கள். ட்யூனிங் நாட்களையும் சேர்த்து எழுதாவிட்டால் அன்று சாவி கிடைக்காது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக "சரி, வாங்க" என்பவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார்.

இரண்டு, காவல் நிலையத்துக்குத் தகவல். மூடிய கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் நடப்பதால் ஒலிபெருக்கி அனுமதிக்கு வேலையில்லை. ஒரு மைக் வைத்தாலும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டிவரும்; பகல் நேரம் என்று விலக்கு கிடையாது. நான் இரண்டு வாரம் முன்பு ஒரு மனு, இடம் தந்தவர்களின் கடித நகல், ஆதார் நகல், நிகழ்ச்சி நிரல் நான்கையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று, பாட்டு உரிமை. இலவசக் கச்சேரிக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். நம் நாட்டுச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. டெபுஸ்ஸி இறந்தது 1918, ராவெல் 1937, தாராளமாக வாசிக்கலாம். ஹிண்டமித் 1963இல் இறந்ததால் 2024 ஜனவரியிலிருந்து அவர் இசையும் நமக்குப் பொதுச்சொத்து. அவருடைய 1928ஆம் ஆண்டு மூவர் இசை வயோலா, பியானோ, ஹெக்கல்ஃபோன் என்ற அரிய ஊதுவாத்தியம் மூன்றுக்கும் எழுதியது; ஹெக்கல்ஃபோனுக்குப் பதில் டெனார் சாக்ஸபோன் வாசிக்கலாம். வயோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம், வாசிப்பவர் ஒருவர் கிடைத்தால் யோசியுங்கள். சாக்ஸபோன்காரர்கள் ஆசையாக எடுத்துவரும் பிரெஞ்சு இசையமைப்பாளர் மியோவின் (Milhaud) இசைக்கு மட்டும் பொறுங்கள். அவர் இறந்தது 1974. 2034 முடியும் வரை உரிமை இருக்கிறது. இன்னொரு கண்ணி, பழைய இசையை இரண்டு சாக்ஸபோனுக்கு என்று இப்போது ஒருவர் மாற்றி எழுதியிருந்தால் அந்த மாற்றத்துக்குத் தனி உரிமை உண்டு. அமெச்சூர் சங்கம் ஒன்று பணம் வாங்காமல் நடத்தினால் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு அமெச்சூர் என்று சொல்ல முடியுமா என்பது வக்கீல் சமாச்சாரம். நான் பட்டியலைப் பழைய ஆட்களோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியில் ஒரு சினிமாப் பாட்டு வாசியுங்கள் என்று கூட்டம் கேட்கும். அதற்கு உரிமம் வாங்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டே மறுக்க வேண்டியதுதான்.

நான்கு, பிளெக்ஸ். அனுமதியில்லாமல் வைக்காதீர்கள். கழற்றிவிடுவார்கள், அபராதமும் வரும். 110 பேர் வரும் கச்சேரிக்குப் பிளெக்ஸ் எதற்கு?

5. வாசிப்பவர்கள்

சென்னையிலிருந்து வருகிறார்கள் என்றால் ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். அன்றே போட்டுவிடுங்கள். கச்சேரி நாள் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி அப்படியே வாசிக்கிறோம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏறக்குறைய 650 கிலோமீட்டர் தூரம். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் எல்லாம் முடிந்தது. முந்தின நாள் காலையிலேயே வந்துவிட்டால் ட்யூனர் இருக்கும்போதே பியானோ வாசிப்பவர் தொட்டுப் பார்த்து, எந்தக் கட்டை சரியில்லை என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு அதில்தான் இரண்டு கட்டைகள் பிழைத்தன.

போனிலேயே கேட்டுவைக்க வேண்டியவை: கைப்பிடி இல்லாத நாற்காலி எத்தனை, நோட்டேஷன் ஸ்டாண்ட் அவர்களே கொண்டுவருகிறார்களா, பியானோவுக்குப் பக்கம் திருப்ப ஆள் வேண்டுமா. பக்கம் திருப்ப என் மாணவி ஒருத்தியை உட்காரவைத்தேன். கச்சேரியில் அதிகம் பதறியவள் அவள்தான்.

சாப்பாடு முந்தின இரவு இட்லி, தோசையோடு நிற்கட்டும். சொதிச் சாப்பாட்டைக் கச்சேரிக்கு அப்புறம் போடுங்கள். சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டுவிட்டு யாராலும் சாக்ஸபோன் ஊத முடியாது.

6. செலவு

எனக்கு ஆன கணக்கை அப்படியே தருகிறேன். ட்யூனருக்கு இரண்டு தடவைக்கும் பயணத்தோடு 9,000. மூவர் ரயில் 6,600. அறை 4,800. அவர்கள் சாப்பாடு 2,500. கூடத்துக்கு மின்சாரமும் துப்புரவும் 3,000. நோட்டீஸ் 1,200. வந்தவர்களுக்கு நன்னாரி சர்பத்தும் சுண்டலும் 2,600. வாசித்தவர்கள் பணம் வேண்டாம் என்றார்கள். ஆளுக்கு 3,000 உறையில் போட்டுக் கொடுத்தேன், 9,000. ஆக 38,700. இதோடு என் முட்டாள்தனத்துக்கு 4,500: டிஜிட்டல் பியானோ முன்பணமும், முதல் இடத்துக்கு நாற்காலி ஏற்றிப்போன குட்டியானை வாடகையும். மொத்தம் 43,200.

இதில் பாதிக்கு மேல் ஆறு பெற்றோர்களும் இரண்டு கடைக்காரர்களும் கொடுத்தார்கள். பணம் கேட்கப் போகும்போது கணக்குத் தாளோடு போங்கள். "அண்ணாச்சி, ட்யூனிங் செலவை மட்டும் நீங்க ஏத்துக்கிடுங்க" என்று ஒரு செலவைக் காட்டிக் கேட்டால் கொடுக்கிறார்கள். பொதுவாகக் கேட்டால் "பாப்போம்" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கொடுப்பவர் பெயரை நோட்டீஸில் போடலாம். மேடையில் பேசக் கூப்பிடுவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

7. ஆள் சேர்ப்பது

நம் பக்கம் சாக்ஸபோன் என்றாலே ரிசப்ஷன் மேடை. "எந்தப் பாட்டு வாசிப்பாவ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நோட்டீஸிலேயே மூன்று வரியில் சொல்லிவிடுங்கள்: பாட்டு கிடையாது, மேற்கத்திய இசை, 45 நிமிடம். தெரியாமல் வந்து நடுவில் எழுந்து போவதைவிடத் தெரிந்து வருகிற 50 பேர் மேல்.

பியானோ, கீபோர்டு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பாளையில் நிறைய உண்டு. அவர்கள் ஆசிரியர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை வந்தால் அப்பா, அம்மா, ஆச்சி என்று மூன்று பேர் கூட வருவார்கள். அரசு இசைப்பள்ளி மாணவர்களையும் கூப்பிடுங்கள். நாதஸ்வரம் படிக்கும் பையன்கள் சாக்ஸபோனின் மூச்சை எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டார்கள் தெரியுமா? ஆலயங்களில் முந்தின ஞாயிறு அறிவிப்பு, மாவட்ட நூலகத்தில் ஒரு நோட்டீஸ், பத்திரிகையின் இன்றைய நிகழ்ச்சிகள் பகுதிக்கு மூன்று நாள் முன்பு ஒரு தாள். இவை போதும்.

8. அன்று

எட்டு மணிக்குக் கூடத்தைத் திறங்கள். ஜன்னலைத் திறந்து சூடு இறங்கவிட்டு, பதினொன்றரைக்குத் தெருப்பக்கம் உள்ளதை மூடுங்கள். காற்றில் தாள் பறக்காமலிருக்கத் துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன் வாங்கிவையுங்கள். பத்து ரூபாய்க் கிளிப் இல்லாமல் நின்றுபோன கச்சேரி உண்டு. நன்னாரி சர்பத்தைக் கச்சேரிக்கு அப்புறம்தான் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டம்ளர் சத்தம். குளவணிகர்புரம் ரயில்வே கேட் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட் மூடித் தாமதமாகத்தான் வருவார்கள். அவர்களை இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் மட்டும் உள்ளே விட வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

பொன்னாடை, குத்துவிளக்கு, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் வேண்டாம். ஒன்றை ஒத்துக்கொண்டால் நாலு வரும். நாலும் சேர்ந்தால் நாற்பது நிமிடம். நான் இரண்டு நிமிடம் பேசினேன். போனை அணைக்கச் சொன்னேன். ஒரு உருப்படிக்குள்ளேயே மூன்று நான்கு பகுதிகள் உண்டு, வாசிப்பவர்கள் எழுந்து நின்ற பிறகு கைதட்டுங்கள் என்றேன். இருந்தும் முதல் பகுதி முடிந்ததும் தட்டினார்கள். தட்டட்டும். டெனார்காரர் தலையசைத்துச் சிரித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது அல்வா கேட்பார்கள். இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசை நீளம். இரவு ரயில் என்றால் ஐந்து மணிக்கே ஒரு ஆளை டவுனுக்கு அனுப்பிவிடுங்கள்.

கூடத்தைக் கூட்டிப் பூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பியானோ மேல் கோப்பைகளைத் திரும்ப அடுக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டும் வாருங்கள். நானும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அடுத்த மாதம் எட்டிப் பார்த்தபோது மூன்று வரிசை அடுக்கியிருந்தார்கள்.